அத்தானின் வானுக்கு எந்த ரயர்?

என்னோடு வாதாடி முடிக்காமலே எழும்பிப் போய்விட்ட அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இப்போது தை மாதம். சட்பரியில், உங்கள் மகள் சுகியின் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். யன்னலுக்கு வெளியே உங்கள் வான் வண்டி நிற்கிறது. அதன் கூரையில் முழங்கை உயரத்துக்குப் பனி. அதைத் தட்டிவிட ஏணி வேண்டும் என்று நீங்கள் வாங்கின அன்றே சொன்னேன். கேட்டீர்களா?

இதை உங்களுக்கு மட்டும் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் இந்த மூன்று மாதத்தில் ரொறன்ரோவில் எனக்கு அந்த வான் சில்லின் ரயரைப் பற்றிப் புத்தி சொல்லாத தமிழர் ஒருவரும் மிச்சமில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அத்தானைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: என் அக்காவின் கணவர், நான் அவருடைய மச்சாள். போன ஆனியில், வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு காலில் சப்பாத்தோடு கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். எதையும் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு எப்போதும் இருந்ததுதான்.

முதலில் வானைப் பற்றிய கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். ஒருவரிடமும் கேட்காமல் வாங்கினீர்கள். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குட்டி அலுமாரி, பூப்போட்ட திரைச்சீலை. ஸ்காபரோவில் உங்கள் அடுக்குமாடி பார்க்கிங்கில் அது வந்து நின்றபோது பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறக்க முடியாமல் மற்றப் பக்கத்தால் ஏறி இறங்கினார். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஆறு பேர் முறை வைத்துப் படுத்த காலத்தில் நினைத்ததாம். சொந்தமாக ஒரு கட்டில் வேண்டும், அது நீங்கள் போகிற இடமெல்லாம் கூடவே வரவேண்டும் என்று. சரி, கட்டிலுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் ரயர் விஷயத்தில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் வேலை செய்வது வாகன உதிரிப்பாகக் கிடங்கில். பெட்டி அடுக்கத்தான் எடுத்தார்கள். அடுக்குகிற பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. உங்கள் வானில் இருந்தது ஓல் சீசன் ரயர். வருடம் முழுக்க ஓடலாம், மாற்றத் தேவையில்லை என்று விற்கிற ரயர். கடுங்குளிரில் அந்த ரப்பர் இறுகிவிடும், பனியைப் பிடிக்காது, பாரம் கூடின வானுக்குப் பனிக்கால வின்ரர் ரயர்தான் வேண்டும், அதுவும் காருக்குப் போடுகிறது இல்லை, பாரம் தாங்குகிறதாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று இரண்டு மாரிகாலமாகச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், குந்தியிருந்து, ரயரின் பக்கத்தில் பொறித்திருந்த இரண்டு எழுத்தைக் காட்டினீர்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று கொம்பனியே எழுதித் தந்திருக்கிறான், உனக்கு அவனை விடக் கூடத் தெரியுமோ என்றீர்கள். பிறந்தநாள் விருந்தில் ஒரு தரம், ரெலிபோனில் எத்தனையோ தரம் இதே சண்டை. ரயர் என்று நான் வாய் திறக்க முன்னமே சிரிக்கத் தொடங்குவீர்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கமுடியாதது.

பிறகு போன மாசி. ஹைவேயில் இருந்து இறங்குகிற வளைவில், நீங்கள் மெதுவாகத்தான் வந்தீர்கள் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். வான் திரும்பவில்லை. வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துத் தடுப்புத் தகட்டில் மோதியது. வானுக்கு ஒரு நெளிவு, உங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. பின்னால் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற எழும்பி நின்ற அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து நான் உங்களுக்கு ஒன்று சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

“அத்தான், உங்கடை வாய்தான் அக்காவின்ரை இடுப்பை முறிச்சது.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமையே பழையபடி தொடங்கிவிட்டீர்கள். றோட்டுக்கு உப்புப் போடாதது நகரசபையின் பிழை, ரயரில் ஒரு பிழையும் இல்லை என்றீர்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு உங்களோடு நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனி வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சுகிக்குத் தையில் பிள்ளை பிறக்க நாள் குறித்திருந்தார்கள். அவளுடைய கணவரின் தாய் தகப்பன் ஊரில். இங்கே சட்பரியில் அவளுக்குப் பிள்ளைபெற்ற உடம்புக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்க, வயிறு கட்டிவிட, பிள்ளையை முழுக வார்க்க ஒரு ஆள் இல்லை. அக்கா போகவேண்டும். அக்காவுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்து இருக்க முடியாது. பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம் எப்படிப் போவாள்? படுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரே வாகனம் உங்கள் வான். ஓட்டக்கூடிய ஒரே ஆள் நான். நீங்கள் அங்கே இருந்து சிரித்திருப்பீர்கள்.

மார்கழிக் கடைசியில் வடக்கே போகிற பாதையில் உங்கள் ஓல் சீசன் ரயரோடு அக்காவைக் கொண்டுபோக மாட்டேன் என்றேன். அவ்வளவுதான். உங்கள் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. பின்னுக்கு மண் மூட்டை போடு என்றார் ஒருவர். காற்றைக் குறை என்றார் இன்னொருவர். ஓல் சீசன் போதும், ஆறுதலாக ஓடினால் சரி என்று சொன்னவர் பத்து வருடமாகச் சப்வே ரயிலில் மட்டும் போய்வருபவர். ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் யோகன் அண்ணை மட்டும் விஷயம் தெரிந்து பேசினார். நான்கும் புது வின்ரர் ரயர், பாரத்துக்கு ஏற்றது, வேறு கதையில்லை என்றார்.

புது என்ற சொல்லில்தான் பிடி விழுந்தது. ரெக்ஸ்டேலில் இருந்து மூன்று பஸ் மாறி உங்கள் தமையனார் வந்து சேர்ந்தார். பெரியத்தானைத் தெரியும்தானே, குரலே உயராது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“ஆட்டைத்திவசம் முடியமுதல் அந்த வீட்டுக்குப் புதுசா ஒண்டும் வாங்கப்படாது, பிள்ளை.”

உங்கள் வருடத் திவசத்துக்கு இன்னும் அரை வருடம் கிடந்தது. வீட்டுக்கு இல்லை, வானுக்குத்தானே என்றேன்.

“வான் ஆற்றை?” என்று கேட்டார்.

உங்கள் வான்தான், ஒத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கவில்லை, பொங்கலும் இல்லை, சரி. பனியில் வழுக்குகிற வானுக்கு ரயர் போடுவதும் கொண்டாட்டமா? இதைத்தான் கேட்டேன். அக்கா அப்போது உங்கள் குசினி மேசையிலேயே இருந்து பிள்ளைப்பெறுச் சரக்குக்கு மல்லி துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். மூன்று கிழமை இப்படியே போனது. ஆட்கள் வருவதும், ரயரைப் பற்றிப் பேசுவதும், தேத்தண்ணி குடிப்பதும், போவதும். அக்கா மல்லியில் இருந்து மிளகுக்குப் போனாள், மிளகில் இருந்து மஞ்சளுக்கு.

கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. புதுசுதானே கூடாது, பழசு வாங்கலாமே? பெரியத்தான் யோசித்துவிட்டு, பழசென்றால் குற்றமில்லை என்றார். பழைய வாகனம் உடைக்கிற முற்றங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். இந்த வானின் அளவுக்கு ஒழுங்காக நான்கு கிடைக்கவில்லை. அரைவாசி தேய்ந்த வின்ரர் ரயர் இரண்டு கிடைத்தது. பின் சில்லில் பூட்டச் சொன்னேன். தள்ளுகிறது பின் சில்லு என்றாலும் திருப்புகிறது முன் சில்லு, இரண்டு மட்டும் போட்டால் போகும், திரும்பாது என்று யோகன் அண்ணை தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அந்த நேரம் என்னை ஒருவர் பார்த்திருந்தால் உங்கள் கூடப்பிறந்தவள் என்று சொல்லியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பின் கட்டிலில் படுக்க வைத்து, பரீட்சை பார்க்க என்று தமிழ்க்கடை இருக்கிற பிளாசாவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். புதுப் பனி கொட்டியிருந்தது. பார்க்கிங்கில் இடப்பக்கம் திருப்பினேன். வான் நேரே போனது. இன்னும் திருப்பினேன். இன்னும் நேரே போனது. வழித்துக் குவித்திருந்த பனிமேட்டில் போய் மெதுவாக மூக்கைக் குத்தி நின்றது. ஒரு சேதமும் இல்லை. தள்ளிவிட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தாள். அந்த நேரம் நீங்கள் போன மாசியில் எதைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, சுகிக்கு ரெலிபோன் அடித்துச் சொல்லப்போகிறேன், நாங்கள் வரவில்லை என்றேன். ஹைவேயில் இப்படி நடந்தால்? பிள்ளை தானாகப் பிறக்கும், இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றேன். அக்கா கதவோரத்து ஆணியில் இருந்து ஒரு திறப்பை எடுத்து நீட்டினாள். கீழே பேஸ்மென்ட் லொக்கரில் அம்மி கிடக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றாள். நாங்கள் போகப்போவதே இல்லை, அம்மி எதற்கு என்று கத்தினேன். எடுத்துக்கொண்டு வா என்றாள் திரும்பவும்.

கீழே போனேன். கம்பி வலை அடித்த அந்தக் கூட்டில் உங்கள் சூட்கேசுகள், உடைந்த மின்விசிறி, சுகியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிய நான்கு வட்டங்கள். அந்த முடிச்சு உங்கள் முடிச்சு. உலகத்தில் வேறு ஒருவரும் ஒரு பொதிக்கு அத்தனை முடிச்சுப் போடமாட்டார்கள். அவிழ்க்கவே நேரம் பிடித்தது. நான்கும் வின்ரர் ரயர். புதுசு. றோட்டையே தொடாத ரயரில் சின்னச் சின்ன ரப்பர் மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவைகூட அப்படியே இருந்தன. ஒட்டியிருந்த சீட்டில் அளவைப் பார்த்தேன். வானின் அளவு. பாரத்துக்கு ஏற்ற இலக்கமும் சரி. நான் பிறந்தநாள் விருந்தில் உங்கள் காதில் விழுகிறதோ என்னவோ என்று கத்திச் சொன்ன அதே இலக்கம்.

அம்மியை எடுக்காமலே மேலே ஓடினேன்.

“ஆற்றை ரயர் அக்கா உது?”

“இவர் பங்குனியிலை கொண்டுவந்து வைச்சவர். மலிவுக்குப் போட்டவங்கள் எண்டு.”

மூன்று கிழமை. உங்கள் மேசையில், அவளுக்கு முன்னால், ஊர் முழுக்க வந்திருந்து பேசிய பேச்சு. ஏன் ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே.”

அத்தான், உண்மைதான். யோகன் அண்ணையைக் கேட்டேன், பெரியத்தானைக் கேட்டேன், சப்வேயில் போகிறவரைக்கூடக் கேட்டேன். படுத்துக்கொண்டு போகப்போகிறவளை, இடுப்பு முறிந்தவளை, உங்கள் பெண்சாதியை ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா மேலும் சொன்னாள்.

“கொண்டுவந்து வைச்ச அண்டைக்கு இந்தக் கதிரையிலை இருந்து அழுதவர். தேவகி சொன்னது சரி எண்டவர். அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டும் சொன்னவர்.”

பிறகு அவள் சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். உங்களுக்குப் போய்ச் சேரவேண்டும்.

“முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிய அவற்றை உடுப்பெல்லாம் கட்டிக் குடுத்துப்போட்டியள். சப்பாத்தும் போயிட்டுது. அவர் கடைசியா வாங்கினது அதுதான். அதையும் றோட்டிலை தேய விடவோ எண்டுதான் பேசாமல் இருந்தனான். இண்டைக்கு வான் வழுக்கேக்கை விளங்கினது. அவர் அதைத் தேயத்தான் வாங்கினவர். கொண்டுபோய்ப் பூட்டு.”

உங்கள் தமையனாருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் உயிரோடு இருக்கும்போது வாங்கினது, புதுசு என்று சொல்ல முடியாது என்று வாதாட எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அவன் வாங்கி வைத்ததென்றால் பூட்டுங்கோ என்றார். அதற்குப் பிறகு மூக்கைச் சீந்துகிற சத்தம் கேட்டது. அவரும் அழுதிருக்கவேண்டும். யோகன் அண்ணை நான்கையும் பூட்டிவிட்டு, ஆர் பார்த்து எடுத்தது, வலு சரியான ரயர் என்றார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டே சிரித்திருக்கிறீர்கள். உங்களை என்ன செய்தால் தகும்?

வெளிக்கிடுகிற அன்றைக்கும் ஒரு கூத்து நடந்தது. சில்லுக்கு ஒன்றாக நான்கு தேசிக்காய் வைத்துத்தான் வானை எடுக்கவேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம். காலையில் குனிய முடியாது என்று முதல்நாள் பின்னேரமே சுகியின் பழைய ஸ்நோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பொல்லூன்றிப் போய், தானே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் நான்கும் உறைந்து கல்லாகியிருந்தன. வானை எடுத்தேன். வான் ஏறி, தடக்கென்று இறங்கியது. தேசிக்காய் நசியவே இல்லை. ஒன்று உருண்டு போய்ப் பக்கத்துக் காருக்குக் கீழே நின்றது. இது நல்லதா கெட்டதா என்று அக்கா கேட்டாள். ரயர் நல்லது, அது போதும் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

பாரி நகரத்துக்கு அப்பால் பனி குறுக்கே அடித்தது. முன்னால் போன லொறியின் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் பாதை. இரண்டு கார்கள் பள்ளத்தில் கிடந்தன. ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் வான் திரும்பியது. பின்னால் அக்கா உங்கள் கட்டிலில், உங்கள் பூப்போட்ட திரைச்சீலைக்குள் நித்திரை. குறட்டைகூட விட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு ஓடியபோது எனக்குக் கண் மறைத்தது. துடைக்க ஒரு கையை எடுக்கவும் பயம்.

பேத்தி பிறந்து இன்றைக்கு ஒன்பது நாள். உங்கள் நெற்றி. சொல்வது எதையும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. அக்கா அறைக்குள் படுத்தபடியே அவளோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். சரக்கை நான்தான் அரைக்கிறேன். அம்மியை இரண்டாம் தரம் இறங்கிப்போய் எடுத்து வந்தேன், அதையும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பங்குனியில் ரயரைக் கொண்டுவந்தீர்கள். ஆனியில் போனீர்கள். இடையில் எத்தனை தரம் அந்த வீட்டுக்கு வந்து, முகத்தை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போனேன். நீ சொன்னது சரி என்று எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பேன் என்று நினைத்தீர்களா? சொல்லிக்காட்டித்தான் இருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி நடைபாதையில் சொன்ன அந்த ஒன்றைத் திருப்பி எடுத்திருப்பேன், அத்தான். அது எனக்குச் சொல்ல உரிமையில்லாத சொல். இப்போது எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே இது என் வாக்கு. இனி இந்த வானைப் பற்றி எதுவென்றாலும் முதலில் அக்காவைக் கேட்பேன். பனி கரைந்ததும் இந்த நான்கையும் நானே கழற்றி, கழுவி, காயவைத்து, உங்கள் விரிப்பில் சுற்றி, உங்கள் முடிச்சையே போட்டு வைப்பேன். ஒவ்வொரு ஐப்பசியும் திரும்பப் பூட்டுவேன், தேய்ந்து முடியும் வரைக்கும். சித்திரையில் உங்கள் ஓல் சீசன் ரயரைப் போடுவேன். கோடைக்கு அது திறமான ரயர்தான். அதை நீங்கள் இருக்கும்போதே நான் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் சின்ன மச்சாள்
தேவகி